மூட்டைக்கு இருமாத வண்டி

ஏறு அம்மணி, ஏறு. குடையை அப்படியே மடக்கிக் காலுக்கடியில போட்டுரு. ஈரமானா ஆகட்டும், தொடச்சுக்கலாம். இந்த மழையில நீ எவ்வளவு நேரம் நின்னாலும் பஸ்ஸு வரப்போறதில்ல. மடத்துக்குளந்தானே? நாங்க பழனிக்குப் போறோம், வழியிலதான் இருக்குது. பேங்க்கு வேலையா? நல்லது. நல்லாச் சாஞ்சு உக்காரு. வண்டி பழசுன்னு பயப்படாத. என்ற மகளை விட ரெண்டு வயசு எளசு, அவ்வளவுதான்.

என்ற பேரு சாமியாத்தா, இவரு எங்கூட்டுக்காரரு. பேரு அவினாசியப்பன். உடுமலையில கண்ணாடிக் கடை. கண்ணு டெஸ்ட்டுப் பண்ணிக் கண்ணாடி போட்டுக் குடுக்கறாரு. வண்டி ஓட்டறப்பப் பேசக் கூடாதுன்னு இவருக்கு ஒரு கொள்கை. ஓட்டாதப்பவும் பெருசாப் பேச மாட்டாரு. அதனால நான் பேசிக்கிட்டு வாரேன்.

இப்பக் கேக்குதே கிர்ரு கிர்ருன்னு, அது வைப்பரு. அதை வுட்டுட்டு இஞ்சின் சத்தத்தை மட்டும் கேளு. சும்மா நூல் இழுத்த மாதிரி ஓடுதா? ரெண்டு வருசத்துக்கு முன்னால பங்குனி மாசத்துல நீ இதுல ஏறியிருக்கோணும். இந்த வண்டியால நான் பட்ட அவமானத்தைச் சொன்னா நீ நம்ப மாட்ட. அவரையே வெச்சுக்கிட்டுச் சொல்றேன், தப்பாச் சொன்னா அவரே சொல்லட்டும்.

என்ற மக மோகனப்பிரியாவைப் பழனியில கட்டிக் குடுத்தோம். ஒரே புள்ள. கல்யாணம் முடிஞ்ச புதுசுல வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. தீவாளிச் சீர் கொண்டுபோனோம், நல்லாத்தான் ஓடுச்சு. பொங்கச் சீர் கொண்டுபோனோம் பாரு, அன்னிக்குப் புடிச்சுது சனி. வீட்டை வுட்டுக் கெளம்பி மெயின் ரோடு ஏறறதுக்குள்ள வண்டி இருமுது. இருமுதுன்னா, புகையிலைக்காரன் விடியக்காலையில எந்திரிச்சு இருமுவானே, அப்படி. கக், கக், ஒரு குலுக்கு. அப்பறம் கொஞ்ச தூரம் நல்லா ஓடும். சரியாயிருச்சுன்னு நாம மூச்சு வுடறதுக்குள்ள மறுபடி கக். மடியில வெச்சிருந்த பித்தளைப் பானை ஆடுது. பின்னால வர்ற லாரிக்காரன் ஹாரனை எடுக்கவே மாட்டேங்கறான். இவரு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டறாரு. மடத்துக்குளம் தாண்டி அமராவதிப் பாலம் ஏறுச்சு பாரு, வண்டி வாயைத் தொடச்சுக்கிட்ட மாதிரி கம்முனு ஓட ஆரம்பிச்சிருச்சு. அங்கிருந்து பழனி வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. திரும்பி வர்றப்பவும் இல்ல.

இதே ரோட்டுல, நீ ஏறின எடத்துக்குக் கொஞ்சம் முன்னால, நூருதீன்னு ஒரு மெக்கானிக் தம்பி செட்டுப் போட்டிருக்குது. கெட்டிக்காரத் தம்பி. அதுகிட்டக் கொண்டுபோனாரு. மிஸ்ஸிங் அடிக்குது தம்பின்னு சொன்னாரு. மிஸ்ஸிங்னா என்னன்னு எனக்கு அது அப்பறமா வெளக்குச்சு. இஞ்சினுக்குள்ள நாலு அறை இருக்குதாம். நாலுலயும் மாத்தி மாத்தி நெருப்புப் பொறி வந்து பெட்ரோல் எரியோணுமாம். ஏதோ ஒண்ணுல பொறி வராமப் போச்சுன்னா வண்டி தடுமாறும். சாமி பல்லக்கை நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போறப்ப ஒருத்தன் அப்பப்ப தோளை எடுத்தா எப்படியிருக்கும், அந்த மாதிரி. யாரு தோளை எடுக்கறான், எப்ப எடுக்கறான், அதைக் கண்டுபுடிக்கோணும்.

தம்பி பானெட்டைத் தூக்கிப் பாத்துது. காதைக் குடுத்துக் கேட்டுது. ஓட்டிக்கிட்டுப் போயி ஒரு சுத்துச் சுத்திட்டு வந்துது. பூ மாதிரி ஓடுதுங்க சார், ஒண்ணுமே இல்லைன்னுடுச்சு. டாக்டர்கிட்டப் போனாக் காய்ச்சல் வுட்டுப்போகுமே, அந்தக் கதை.

இனி இவரு தொழிலைப் பத்திச் சொல்லோணும். நீ கண்ணாடி போட்டிருக்கறயல்ல, உனக்குத் தெரிஞ்சிருக்கும். மூக்கு மேல ஒரு சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணாடியைப் போட்டு இது தெளிவாம்பாங்க, அதை எடுத்துட்டு வேறொண்ணைப் போட்டு இது தெளிவாம்பாங்க. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தவே கூடாதாம். மாத்தினா எதனால தெளிஞ்சுதுன்னு தெரியாமப் போயிருமாம். இவருக்கு அது வேதம். வண்டிக்கும் அதையே பண்ணினாரு.

மொதல்ல பிளக்கை மாத்தினாரு. அடுத்த தடவ மகளைப் பாக்கக் கெளம்பினோம், கக். பிளக்குக்குப் போற ஒயருங்களை மாத்தினாரு. கெளம்பினோம், கக். பெட்ரோல் போடற பங்க்கை மாத்தினாரு. கக். டேங்க்கைக் கழட்டிக் கழுவிப் பாத்தாங்க. கார்புரேட்டரைப் பிரிச்சுப் போட்டு, ஊசி மாதிரி ஓட்டையெல்லாம் ஊதிச் சுத்தம் பண்ணிப் பாத்தாங்க. அந்தத் தம்பியும் சளைக்கல, இவரும் சளைக்கல, வண்டியும் சளைக்கல.

வேடிக்கை என்ன தெரியுமா? கடைக்குப் போனா இருமாது. கோயமுத்தூருக்குச் சரக்கு எடுக்கப் போனா இருமாது. நூருதீன் ஓட்டினா இருமாது. நாங்க ரெண்டு பேரும் மகளைப் பாக்கக் கெளம்பினா மட்டும் இருமும்.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம். இவருக்குச் சம்மந்தி வீட்டுக்கு வர்றதுன்னா அவ்வளவா இஷ்டம் கெடையாது. அங்க பேசிக்கிட்டே இருப்பாங்க, இவரு உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கோணும். அதனால மனுசன் கால்லயே என்னமோ பண்ணி வண்டியை இரும வெக்கறாரோன்னு நெனச்சேன். அவரு செருப்பையே ரெண்டு தடவ உத்துப் பாத்திருக்கறேன்னா பாத்துக்க.

சம்மந்தி வீடு நல்ல வீடுதான். குத்தம் சொல்ல வரல. ஆனா சம்மந்தியம்மா ரத்தினாம்பாள் இருக்கறாங்களே, நாம வாசல்ல எறங்கறப்பவே உச்சியிலருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு பார்வை பாப்பாங்க. அவங்க வீட்டுக்காரரு அதுக்கு மேல. வண்டி வந்து நின்னதும் வாங்கன்னு சொல்றதுக்கு முன்னால பானெட்டைத் தூக்கிப் பாப்பாரு. ஆம்பளைங்க சில பேருக்கு அது ஒரு பழக்கம். தீவாளிக்குப் போயிருந்தப்ப அப்படித்தான் தூக்கிப் பாத்துட்டு, "என்னங்க, உள்ள வெள்ளாமையே பண்ணலாம் போலிருக்குதே"ன்னு கேட்டுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் கூடச் சேந்து சிரிச்சாரு. எனக்குக் கூசிப்போச்சு. பொண்ணைக் குடுத்த எடத்துல இப்படி ஒரு பேச்சை வாங்கலாமா?

அதிலருந்து நான் ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன். மகளைப் பாக்கப் போறம்னா, விடியக்காலையில இவரு கடைக்கு நடந்தே போயிச் சாமிக்கு வெளக்கு வெச்சுட்டு வர்றதுக்குள்ள, நான் வண்டியை முழுசாக் கழுவி வெச்சிருவேன். மேலுக்கு மட்டும் இல்ல. பானெட்டைத் தூக்கி அந்த இஞ்சின் மேலயும் சோப்புத் தண்ணி ஒரு பக்கெட்டு, நல்ல தண்ணி ஒரு பக்கெட்டு ஊத்தி, சந்து பொந்தெல்லாம் பிரஷ்ஷு வெச்சுத் தேச்சு, பளிச்சுன்னு ஆக்கி மூடி வெச்சிருவேன். இவருகிட்ட நான் சொன்னதில்ல. செஞ்ச வேலையைச் சொல்லிக் காட்டற பழக்கம் எங்க பொறந்த வீட்டுல யாருக்கும் கெடையாது. கடைக்குப் போற வண்டிக்கெல்லாம் அப்படிச் செய்ய மாட்டேன், அதுக்கு என்னத்துக்குக் குளியல்? சம்மந்தி வீட்டுப் பயணத்துக்கு மட்டுந்தான்.

என்ன அம்மணி, எதோ சொல்ல வந்த? ஒண்ணுமில்லையா? சரி, தண்ணி தெறிக்குது பாரு, கண்ணாடியை ஏத்திக்க.

எங்க வுட்டேன்? ஆங், எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சா. அப்பறம் இவருக்கு ஒரு ரோசனை வந்துது. எடையா இருக்குமோன்னு. தனியாப் போனா இருமறதில்ல, ரெண்டு பேருப் போனா இருமுது, அப்ப எடை கூடினா இஞ்சின் தெணறுதோ என்னமோன்னு. மண்டியிலருந்து அரிசி மூட்டை கொண்டாந்தாரு. என்ற எடைக்கு. என்ற எடை எவ்வளவுன்னு என்னையக் கேக்கல, அவராவே ஒரு கணக்குப் போட்டுக்கிட்டாரு, அது ஒரு தனிக் கோவம். மூட்டையை முன் சீட்டுல, என்ற எடத்துல, நிமுத்தி உக்கார வெச்சு, பெல்ட்டு வேற போட்டுவுட்டாரு. நான் ஏறினா பெல்ட்டைப் போடுன்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல அம்மணி. மூட்டைக்குப் போட்டுவுட்டாரு. ஓட்டிக்கிட்டுப் பழனி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு.

ஒரு இருமல் இல்ல.

அன்னிக்குப் பொழுதோட சோத்துக்கு உக்காந்தாரு. பாதியில கையை நிறுத்திட்டு, "எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு, சாமியாத்தா. இன்னும் மாத்தாதது ஒண்ணே ஒண்ணுதான்" அப்படின்னாரு.

என்னதுங்கன்னு கேட்டேன். பம்ப்பு, கிம்ப்புன்னு ஏதாச்சும் சொல்லுவாருன்னு பாத்தா, தட்டைப் பாத்துக்கிட்டே, "நீதான்"னாரு.

சொல்லிட்டு ரசம் ஊத்தச் சொல்றாரு.

நான் ரசச் சட்டியை அப்படியே கீழ வெச்சேன். "மூட்டைக்கு இருமாத வண்டி எனக்கு இருமுதுன்னா, இனி மூட்டையையே கூட்டிக்கிட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அவரு நான் வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சாரு. நான் என்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னேன்?

அதுக்கப்பறம் மகளைப் பாக்கப் போறதுன்னா நான் பஸ்ஸு, இவரு காரு. ஒரே நாளு, ஒரே ஊரு, ஒரே வீடு. நான் பஸ்ஸுல சன்னலோரமா உக்காந்திருப்பேன், இந்த வண்டி என்னையத் தாண்டிப் போவும். இவரு ஹாரன் அடிப்பாரு. நான் அந்தப் பக்கம் திரும்பிக் காட்டைப் பாத்துக்குவேன். பழனியில எறங்கி வெயில்ல நடந்து போயிச் சேந்தா, இவரு அங்க ஃபேனுக்கு அடியில உக்காந்து மோர் குடிச்சுக்கிட்டு இருப்பாரு. வண்டி வாசல்ல தூசி படிஞ்சு நிக்கும். நிக்கட்டும்னு வுட்டுட்டேன். என்னைய ஏத்தாத வண்டிக்கு நான் எதுக்குத் தண்ணி ஊத்தோணும்?

அந்த வண்டியும் அதுக்கப்பறம் இருமவே இல்ல. என்ற மானத்தை வாங்கோணும்னே ஓடுச்சு. வீதியில எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. கோலம் போடப் போனா எதிர்வீட்டுப் புள்ள, ஏனுங்கக்கா, நீங்க ஏறினாத்தான் வண்டி நிக்குமாமேன்னு கேக்குது. இவரு நூருதீன்கிட்டச் சொல்ல, நூருதீன் யாருகிட்டயோ சொல்ல, அப்படியே பரவிப்போச்சு. வீட்டுல எங்களுக்குள்ள பேச்சும் கொறஞ்சுபோச்சு. இவரு எப்பவுமே பேசறதில்ல, அதனால இவரு பக்கம் வித்தியாசம் ஒண்ணும் தெரியல. நான் பேசாம இருந்தேன் பாரு, அதுதான் வீட்டுக்கே என்னமோ மாதிரி ஆயிருச்சு.

இதுக்கு நடுவுல மக உண்டாயிருந்தா. சம்மந்தியம்மா ஒரு நா அவளைத் தனியாக் கூப்புட்டு, உங்கப்பனுக்கும் அம்மாளுக்கும் ஆகறதில்லையா, ஏன் வேற வேற வண்டியில வந்து எறங்கறாங்க, நாளைக்கு ஒறம்பரை, சொந்தக்காரங்க கேட்டா நான் என்ன சொல்றதுன்னு கேட்டிருக்கறாங்க. அவங்க வெசனத்துல கேட்டாங்களோ, வம்புக்குக் கேட்டாங்களோ, எனக்குத் தெரியாது. மக போன்ல அழுதா. வயித்துப் புள்ளக்காரி அழுதா பெத்தவளுக்கு எப்படியிருக்கும்? காருக்குத்தான் சீக்கு, எங்களுக்கு இல்லைன்னு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவ கேக்கல.

"என்ற வளைகாப்பு அன்னிக்காவது ரெண்டு பேரும் ஒரே வண்டியில வந்து எறங்குங்கம்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"னா.

நான் சரின்னுட்டேன். இவருகிட்ட வந்து சொன்னேன். இவரு, சரி வான்னாரு. அதுல ஒரு கெஞ்சல் இல்ல, ஒரு வருத்தம் இல்ல. சரி வா.

வைகாசியில வளைகாப்பு. அன்னிக்கு வண்டியைக் கழுவினேன் பாரு, அந்த மாதிரி அதுக்கு முன்னால கழுவினதில்ல. இத்தனை நாளாத் தூசியாக் கெடந்ததுக்கும் சேத்து, இஞ்சினுக்கு மட்டுமே பக்கெட்டு பக்கெட்டா ஊத்தினேன். அந்த வருசம் மழையே இல்ல, கெணத்துல தண்ணி தரையில கெடந்துது. இருந்தாலும் ஊத்தினேன். கலவைச் சோறு அத்தனையும் தூக்குப்போசியில கட்டிப் பின்சீட்டுல வெச்சோம். வளையல் பெட்டி என்ற மடியில. மாரியாத்தா கோயில்ல தீர்த்தம் வாங்கி, வேப்பலைக் கொத்துப் போட்டு, ஒரு செம்புல கால்மாட்டுல வெச்சுக்கிட்டேன், மகளுக்குத் தெளிக்கறதுக்கு. இவரு சாவியைத் திருகினாரு. ரெண்டு பேரும் மூச்சு வுடல.

வீதி முக்குல திரும்பினதும் கக்.

அப்பறம் நின்னு நின்னு கக். ஒவ்வொரு இருமலுக்கும் மடியில வளையலெல்லாம் கலகலன்னு சத்தம் போடுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. ராகுகாலத்துக்கு முன்னால போயிச் சேரோணும், இந்த நடையில போனா வளையலைப் போட்டு முடிச்சுச் சாப்புட்டுக் கைகழுவற நேரத்துக்குத்தான் போவோம். நிறுத்துங்க, நான் எறங்கிக்கறேன், நீங்க சோத்தையும் வளையலையும் எடுத்துக்கிட்டுப் போங்க, என்னைய எறக்கிவுட்டா வண்டி நல்லா ஓடும், நான் பஸ்ஸுல வந்தர்றேன்னு சொல்லிக் கதவுல கையை வெச்சுட்டேன்.

இவரு என்ற கையைப் புடிச்சாரு.

"வண்டி நின்னா நின்னுட்டுப் போவுது. பழனி வரைக்கும் தள்ளிக்கிட்டு வாரேன். நீ எறங்காத."

அம்மணி, கல்யாணம் ஆன நாள்லருந்து இவரு என்னையப் பாத்து இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதில்ல. நான் கையை எடுத்துட்டேன்.

எப்படியோ தட்டுத் தடுமாறி நூருதீன் செட்டு வரைக்கும் வந்து சேந்தோம். தம்பி அப்பத்தான் வந்து கதவைத் தொறக்குது. அது பானெட்டைத் தூக்கறதுக்குள்ள வண்டி அடங்கிப்போயி அருமையா ஓடிக்கிட்டு நிக்குது. தம்பி தலையைச் சொறியுது. என்னையப் பாக்குது, இவரைப் பாக்குது. அப்பறம் மெதுவா, அக்கா ஒரு நிமிசம் எறங்கி நின்னீங்கன்னா பாத்தரலாம்னு இழுக்குது. இவரு, அதெல்லாம் வேண்டாம் தம்பி, வேற ஏதாச்சும் பாருன்னுட்டாரு. அவரு வேண்டாம்னு சொன்னதுதான் எனக்கு வீம்பைக் கெளப்பிவுட்டுது. நானே எறங்கினேன். ஏறினேன். மறுபடி எறங்கினேன். வண்டி பாட்டுக்கு ஓடுது. பாத்துக்கங்க தம்பி, இப்ப எனக்கும் இருமலையேன்னேன்.

ஆனாக் கோவம் ஆறல. இது மெசினு சமாச்சாரமே இல்ல, எவளோ கண்ணு வெச்சிருக்கறான்னு தோணிப்போச்சு. குனிஞ்சு தீர்த்தச் செம்பை எடுத்தேன். ஓடிக்கிட்டிருந்த இஞ்சினுக்கு முன்னால போயி நின்னு, ஆத்தா, என்ற மேல குத்தம்னா என்னையக் கேளு, இந்த வண்டி மேல எது வந்து உக்காந்திருந்தாலும் அது இன்னிக்கோட எறங்கோணும்னு வேண்டிக்கிட்டு, வேப்பலையைத் தொட்டு நல்லாத் தெளிச்சேன்.

கக்.

எனக்கு மயிரெல்லாம் சிலுத்துப்போச்சு. இஞ்சின் குலுங்கிக் குலுங்கி இருமிட்டு, கொஞ்ச நேரத்துல தானா அடங்குச்சு. ஆத்தா பதில் சொல்லிட்டான்னு நான் கையெடுத்துக் கும்புட்டேன். நூருதீன் தம்பி என்னையவே பாத்துக்கிட்டு நிக்குது. "அக்கா, இன்னொருக்காத் தெளிங்க"ங்குது. தெளிச்சேன், மறுபடி இருமுச்சு. அங்க வேண்டாங்க்கா, இந்தப் பக்கம் தெளிங்கங்குது. அந்தப் பக்கம் தெளிச்சேன், ஒண்ணுமில்ல. இப்ப மறுபடி இங்கங்குது. கக். அந்தத் தம்பி வேற மதம், ஆனா ஆத்தா மேல அதுக்கு அன்னிக்கு வந்த நம்பிக்கையைப் பாக்கோணுமே. இன்னும் கொஞ்சம் தெளிங்கக்கா, இன்னும் கொஞ்சங்குது. மகளுக்கு வெச்சிருந்த தீர்த்தத்துல பாதி இஞ்சினுக்கே போயிருச்சு.

அப்பறம் வண்டியை நிறுத்திட்டு, உள்ளங்கை அகலத்துல ஒரு கருப்பு மூடியைக் கழட்டுச்சு. அதுலருந்துதான் எல்லாப் பிளக்குக்கும் கரண்டு பிரிஞ்சு போவுதாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிம்பாங்களாம். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துது. இவரு சட்டைப் பையில எப்பவும் ஒரு சின்ன லென்ஸு இருக்கும், கண்ணாடியில கீறல் பாக்கறது. அதை எடுத்துக் கண்ணுல வெச்சுப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. தலைமுடி கணக்கா ஒரு வெடிப்பு இருக்குதுன்னாரு.

தம்பி சொல்லுச்சு, தண்ணி பட்டா இந்த வெடிப்பு வழியாக் கரண்டு தப்பிப் போயிரும், பொறி வராது, காயற வரைக்கும் மிஸ்ஸிங் அடிக்கும், காஞ்சா ஒண்ணுமே தெரியாதுன்னு. அதான் பாலம் தாண்டினதும் சரியாயிருது, இங்க வந்து நின்னா சரியாயிருதுன்னு.

இவரு வுடல. மழை பேஞ்சு எத்தனையோ மாசமாச்சே, இதுல தண்ணி எங்கிருந்து வந்துதுன்னு கேக்கறாரு. "யாராச்சும் ஊத்தினாத்தான் உண்டுங்க சார்"னு தம்பி சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு.

இவரு இஞ்சினுக்குள்ள குனிஞ்சு பாத்தாரு. பேட்டரிக்கு அடியில இன்னும் கொஞ்சம் நுரை நின்னுக்கிட்டு இருந்துது. அதை வெரல்ல தொட்டு மோந்து பாத்தாரு. எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கற சோப்பு வாசம் அவருக்குத் தெரியாதா என்ன? நிமுந்து என்னையப் பாத்தாரு. நான் அப்ப வேப்பலையைச் சரிபண்ணிச் செம்பை மூடிக்கிட்டு இருந்தேன். என்னங்க பாக்கறீங்க, நேரமாவுதுன்னேன். அவரு வெரலைத் தொடச்சுக்கிட்டாரு. பழைய வண்டி ஒண்ணு செட்டுல நின்னுக்கிட்டு இருந்துது, அதுலருந்த மூடியைக் கழட்டி எங்களுக்கு மாட்டச் சொன்னாரு. மாட்டினதும் கெளம்பிட்டோம்.

நேரத்துக்குப் போயிச் சேந்தோமா? சேந்தோம். ஒரு இருமல் இல்ல. மக வாசலுக்கே வந்து நின்னா, அந்த வயித்தைத் தூக்கிக்கிட்டு. இந்தப் பக்கம் நான் எறங்கறேன், அந்தப் பக்கம் இவரு எறங்கறாரு. மாத்தி மாத்திப் பாத்தா. கதவைப் புடிச்சுக்கிட்டு நின்னு மூக்கை உறிஞ்சினா, அவ்வளவுதான். ரத்தினாம்பாளம்மா வந்து என்ற கையைப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க. நாள் நல்ல நாளா இருந்ததாலயோ என்னமோ, அன்னிக்கு உச்சியிலருந்து பாக்கக்கூட மறந்துட்டாங்க.

சம்மந்தி வழக்கம் போலப் பானெட்டைத் தூக்கினாரு. தூக்கிட்டு, என்னங்க இது, கல்யாணப் பாத்திரம் மாதிரி வெச்சிருக்கறீங்கன்னு அசந்துபோயி நின்னாரு. அதுக்கு இவரு, அத்தனை ஒறம்பரைக்கு முன்னால, "அதெல்லாம் எங்கூட்டுக்காரம்மா கைவேலைங்க"ன்னாரு.

எனக்கு ஒரே ஆச்சரியம். நான் ஒரு நாளும் சொன்னதில்லையே, இவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல. இவரு அப்படித்தான் அம்மணி, பேச மாட்டாரே தவிர, எல்லாத்தையும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை உக்காந்து சைக்கிள் டியூப்பு ஒண்ணை வெட்டி, அந்த மாத்தின மூடிக்கு மேல சட்டை மாதிரி மாட்டி, ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டிக்கிட்டு இருந்தாரு. எதுக்குங்க இதுன்னு கேட்டேன். ஆத்தா தீர்த்தம் அதிகமாப் பட்டுரக் கூடாதல்லன்னாரு. சாமி சமாச்சாரத்துல வெளையாடாதீங்கன்னு நான் சத்தம் போட்டேன். வீதியில இப்ப யாரும் என்னையப் பத்தி ஒண்ணும் சொல்றதில்ல. வண்டிக் குத்தத்தைக் கண்டுபுடிச்சதே நான்தான்னு நூருதீன் எல்லார்கிட்டயும் சொல்லிருச்சு. நல்ல தம்பி.

மடத்துக்குளம் வந்துருச்சு பாரு. ஏனுங்க, அந்த பேங்க்கு வாசல்லயே நிறுத்துங்க, புள்ள நனையாம எறங்கட்டும்.

என்ன அம்மணி, நானும் அப்பலருந்து பாக்கறேன், நீயும் இவரும் அந்த முன்னால தொங்கற கண்ணாடியில பாத்துப் பாத்துச் சிரிச்சுக்கறீங்க? தண்ணி ஊத்தினதாலதான் எல்லாம்னு நெனக்கறயாக்கும். எனக்குத் தெரியும், கேக்கறவங்க எல்லாரும் அதைத்தான் நெனக்கறாங்க, வாயைத் தொறந்து சொல்றதில்ல. இன்னிக்குக் காலையிலகூட ரெண்டு பக்கெட்டு ஊத்தித்தான் கொண்டாந்திருக்கறேன். மழை வரும்னு காலையில யாருக்குத் தெரியும்? உடுமலையிலருந்து இங்க வரைக்கும் ஒரு இருமல் கேட்டயா? கேக்கலையல்ல? அப்பத் தண்ணியில என்ன தப்பு இருக்குது? ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. நான் கழுவினதுல ஏதாச்சும் தப்பா?

"தப்பே இல்ல."

கேட்டுக்க அம்மணி. பாத்து எறங்கு, அங்க குழி இருக்குது. கதவை நல்லா இழுத்துச் சாத்து.